நாற்காலியில் சுந்தர், வாக்கு யார் கையில்?

கூகுளைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நம்மவர்களிடையே உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்து, சென்னை அசோக் நகரில் வளர்ந்து, உலகத்தின் உச்சியில் போய் உட்கார்ந்த தமிழ்ப் பிள்ளை. அவரை ஒரு வார்த்தை குறை சொன்னாலும் வயிற்றெரிச்சல் என்று வாயை அடைத்துவிடுவார்கள். இன்னொரு கட்சிக்கு அவர் வெறும் கணக்குப்பிள்ளை. லாரி பேஜும் செர்கே பிரினும் மூளையைக் கசக்கி உண்டாக்கியதை வைத்துக்கொண்டு லாபம் எண்ணுகிறவர், தன் பங்குக்குப் புதிதாக ஒன்றும் தராதவர். கோலாலம்பூரின் பெரிய உணவகங்களில் ஓடும் இந்தப் பேச்சு, பெக்கோக் போன்ற சிற்றூரின் தேநீர்க் கடைகளிலும் அச்சு மாறாமல் ஓடுகிறது. எனக்கு இரண்டு கட்சியிலும் சேர மனம் வரவில்லை. தோற்றுவித்தவர் பெரியவரா, பின்னால் வந்தவர் பெரியவரா என்று தராசைத் தூக்குவதற்கு முன்னால், பின்னால் வந்தவர் கையில் உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். பிச்சையிடம் பேஜும் பிரினும் வேலையைக் கொடுத்தார்கள், சம்பளத்தைக் கொடுத்தார்கள், பழியைக் கொடுத்தார்கள். கடைசி வார்த்தையை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

வரலாறு சுருக்கமானதுதான். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த பேஜும் பிரினும் 1998 செப்டம்பரில் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். இளைஞர்கள் இருவரையும் தனியாக விடப் பணம் போட்டவர்களுக்குத் துணிச்சல் இல்லை. அதனால் 2001இல் எரிக் ஷ்மிட் தலைமை நிர்வாகியாக வந்தார். 2011இல் பேஜ் அந்தப் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 2004இல் வேலைக்குச் சேர்ந்த பிச்சை கூகுள் டூல்பார், 2008இல் வந்த குரோம் உலாவி, 2013 முதல் ஆண்ட்ராய்டு என்று படிப்படியாக ஏறினார். 2015 ஆகஸ்டில் ஆல்ஃபபெட் என்ற தாய் நிறுவனம் அறிவிக்கப்பட்டு, அதன் கீழிருந்த கூகுளுக்கு அவர் தலைவரானார். 2019 டிசம்பரில் நிறுவனர்கள் இருவரும் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகியபோது ஆல்ஃபபெட்டும் அவரிடம் வந்தது. விலகினார்கள் என்று எழுதினாலும் இயக்குநர் குழுவில் அவர்கள் இருக்கை அப்படியே இருந்தது என்பதை அன்றைய தலைப்புச் செய்திகளைப் படித்த பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

பிச்சை மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் வலுவானது செயற்கை நுண்ணறிவில் அவர் தூங்கிவிட்டார் என்பது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இன்று உலகமே பேசுகிற மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பை 2017 ஜூனில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் கூகுளில் வேலை பார்த்த எட்டுப் பேர். ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேரும் வெளியேறினார்கள். 2021இலேயே லாம்டா என்ற உரையாடல் மாதிரியைக் கூகுள் மேடையில் காட்டியது, ஆனால் மக்கள் கையில் கொடுக்கவில்லை. 2022 நவம்பர் 30ஆம் தேதி ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை வெளியிட்டது. சமையல் கூகுளுடையது, பந்தியில் முதலில் உட்கார்ந்தது வேறொருவர். பதறிப்போன கூகுள் 2023 பிப்ரவரியில் பார்ட் என்ற தன் சாட்பாட்டை அறிவித்தது. அதற்காக வெளியிட்ட விளம்பரத்திலேயே மாட்டிக்கொண்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்தவற்றில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லலாம் என்பது விளம்பரத்தில் இருந்த கேள்வி. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலில் படமெடுத்தது அந்தத் தொலைநோக்கிதான் என்று பார்ட் பதில் சொன்னது. அந்த முதல் படம் 2004இல் சிலியில் உள்ள வேறொரு தொலைநோக்கி எடுத்தது. தேடித் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், தானே ஒரு முறை தேடிப் பார்க்காமல் விளம்பரத்தை வெளியிட்டிருந்தது. வானியல் படித்தவர்கள் பிழையைச் சுட்டிக்காட்ட, ஒரே நாளில் ஆல்ஃபபெட்டின் சந்தை மதிப்பில் சுமார் 100 பில்லியன் டாலர் கரைந்தது.

ஆனால் இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? பிச்சையின் சாந்தமான சுபாவத்திலிருந்து என்று சொல்வது சுலபம். காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. கூகுளில் ஒன்றைத் தேடுகிறோம். பத்து இணைப்புகள் வருகின்றன, அவற்றுக்கு மேலும் கீழும் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றை நாம் தொட்டால் நிறுவனத்துக்குக் காசு. கேள்விக்கு நேரடியாக ஒரே பதில் கிடைத்துவிட்டால் தொடுவதற்கு வேலையே இல்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ஆட்வேர்ட்ஸ் விளம்பர முறைதான் அந்த நிறுவனத்தின் அன்னபூரணி. கூகுளைப் பேஜ் பிச்சையிடம் ஒப்படைத்த 2015இல் மொத்த வருமானமான சுமார் 75 பில்லியன் டாலரில் பத்தில் ஒன்பது பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் வரும் வயலை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த வாய்க்காலை அவரே வெட்டி எறியவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயம் கொஞ்சம்தான். நிறுவனர்களே அதைச் செய்யவில்லை. செய்யவும் சொல்லவில்லை.

பிச்சையின் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். 2024இல் வருமானம் 350 பில்லியன் டாலர், நிகர லாபம் 100 பில்லியன். வருமானம் வளர்ந்ததை மட்டும் வைத்து நான் அவருக்கு மாலை போட மாட்டேன். உலகம் முழுவதும் கைப்பேசி பெருகிய பத்தாண்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதில் ஒரு பகுதி வந்திருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. பத்தில் ஒன்பதாக இருந்த விளம்பரத்தின் பங்கு நான்கில் மூன்றாகக் குறைந்திருக்கிறது. 2018இல் 6 பில்லியனுக்கும் குறைவாக இருந்த மேகக் கணினிச் சேவை வருமானம் 2024இல் 43 பில்லியனைத் தாண்டியது. அந்தப் பிரிவுக்கு ஆரக்கிளிலிருந்து தாமஸ் குரியனை அழைத்து வந்தது பிச்சை காலத்தில்தான். பார்ட் அவமானத்துக்குப் பிறகு இரண்டே மாதத்தில், ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டிருந்த கூகுள் பிரெய்ன், டீப்மைண்ட் ஆகிய இரண்டு ஆய்வுக் கூடங்களையும் டெமிஸ் ஹஸாபிஸ் தலைமையில் இணைத்தார். 2023 டிசம்பரில் ஜெமினி என்ற மாதிரி வந்தது. 2025 செப்டம்பரில் ஆல்ஃபபெட்டின் சந்தை மதிப்பு 3 டிரில்லியன் டாலரைத் தொட்டது. தூங்கினார் என்பது உண்மையென்றால், எழுந்ததும் உண்மைதான்.

நிறுவனர் பக்கம் பேசுகிறவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். டீப்மைண்டை 2014இல் வாங்கியது பேஜ், ஆண்ட்ராய்டை 2005இல் வாங்கியதும் அவர் காலம், யூடியூபை 2006இல் 1.65 பில்லியன் டாலருக்கு வாங்கியதும் அப்படியே. பிச்சை அறுவடை செய்வதெல்லாம் அவர்கள் விதைத்தது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். நிறுவனர்களின் கண் கூர்மையான கண். ஆனால் அந்தக் கண்தான் 12.5 பில்லியன் கொடுத்து மோட்டரோலா மொபிலிட்டியை வாங்கி, காப்புரிமைகளில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, இரண்டே ஆண்டில் 3 பில்லியனுக்கும் குறைவாக லெனோவோவிடம் விற்றது. ஃபேஸ்புக்கை வெல்ல 2011இல் தொடங்கிய கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. முகத்தில் மாட்டிக்கொள்ளும் கூகுள் கிளாஸ் கண்ணாடி எடுபடாமல் போனது ஊரறிந்த கதை. தோற்றுவித்தவரின் தோல்வி துணிச்சல் என்றும் பின்னால் வந்தவரின் தோல்வி தகுதியின்மை என்றும் எழுதப்படுகிறது. இந்த ஓரவஞ்சனைக்கு ஆதாரம் எதுவும் தேவைப்படுவதில்லை.

விதைத்தது நிறுவனர்கள் என்றால் களையும் அவர்கள் விதைத்ததுதான். 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன்னையே முதல் தேர்வாக வைக்கச் சொல்லி 2021இல் மட்டும் கூகுள் மற்றவர்களுக்குக் கொடுத்தது 26.3 பில்லியன் டாலர். அதில் பெரும்பங்கைப் பெற்ற ஆப்பிளுடன் இந்த ஏற்பாடு தொடங்கியது 2000களில், நிறுவனர்கள் கோலோச்சிய நாளில். 2025 ஏப்ரலில் நீதிபதி லியோனி பிரிங்கேமா இணைய விளம்பரத் தொழில்நுட்பத்தில் அளித்த இரண்டாவது தீர்ப்பின் வேரைத் தோண்டினால், 2007இல் 3.1 பில்லியனுக்கு வாங்கப் பேசி முடித்த டபிள்கிளிக் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தில் போய் நிற்கும். செல்வம் வந்த வாசல் வழியாகத்தான் வழக்கும் வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறியது மட்டும் பிச்சை. அவரும் சுத்தக் கை என்று சொல்ல மாட்டேன். டூல்பார் காலத்திலிருந்தே மற்றவர் உலாவியில் கூகுளை உட்கார வைக்கும் வேலையைத் திறமையாகச் செய்து மேலே வந்தவர் அவர். ஆனாலும் அந்த வேலையை அவருக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்களே.

இப்போது நான் முதலில் சொன்ன வாக்குக்கு வருகிறேன். 2004 ஆகஸ்டில் கூகுள் பங்குச் சந்தைக்கு வந்தபோது இரண்டு வகைப் பங்குகள் இருந்தன. பொதுமக்கள் வாங்கியதற்கு ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. நிறுவனர்களிடம் இருந்ததற்கு ஒரு பங்குக்குப் பத்து வாக்கு. பத்து ஆண்டு கழித்து வாக்கே இல்லாத மூன்றாவது வகையையும் உண்டாக்கினார்கள். புதிதாக எத்தனை பங்குகள் வெளியிட்டாலும் தங்கள் பிடி தளராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பணத்தின் அளவில் பார்த்தால் பேஜ், பிரின் இருவரின் பங்கு நிறுவனத்தில் சிறு பகுதிதான். வாக்கின் அளவில் பார்த்தால் இருவரும் சேர்ந்து பாதிக்கும் மேல். ஒரு பங்குக்கு ஒரு வாக்கு என்று மாற்றச் சொல்லிப் பங்குதாரர்கள் கொண்டுவந்த தீர்மானங்கள் பொதுக்கூட்டத்தில் தோற்றுப்போவதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுப்பது இந்த வாக்கு. பிச்சையின் சம்பளத்தை முடிவு செய்வது அந்தக் குழு. அவரை நாளை காலை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றாலும் இரண்டு பேர் பேசி முடித்தால் போதும்.

பெக்கோக், லாபிஸ், சாஆ வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்கு இதைப் பாடமெடுக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் தெரிந்த முகம் நிர்வாகம் பார்த்த துரையுடையது. சம்பளம் குறைந்தால் துரையைத் திட்டினார்கள், லயத்துக்குக் கூரை மாற்றினால் துரையைப் புகழ்ந்தார்கள். மறுநடவுக்கு எவ்வளவு செலவிடுவது, லாபத்தில் எவ்வளவை ஈவுத்தொகையாக அனுப்புவது என்பதெல்லாம் லண்டனில், தோட்டத்தை ஒரு முறையும் மிதிக்காதவர்களால் முடிவு செய்யப்பட்டது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி தோட்ட நிறுவனத்தின் கட்டுப்பாட்டை நம் நாட்டின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் கைப்பற்றியது. அன்று காலையில் மரம் சீவப் போனவர்களுக்கும், அவர்களைப் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு அனுப்பிய கிராணிக்கும் முதலாளி மாறியது தெரியாது. துரை நல்லவரா கெட்டவரா என்ற விவாதம் எவ்வளவு சூடாக நடந்தாலும், பங்கு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அதற்குள் வராது.

வாக்கு இல்லாமலும் நிறுவனர் ஆளலாம் என்பதற்கு இன்ஃபோசிஸ் சாட்சி. நாராயண மூர்த்தியும் ஆறு பேரும் 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. நிறுவனர்களில் ஒருவராக இல்லாத முதல் தலைமை நிர்வாகியாக விஷால் சிக்கா 2014 ஆகஸ்டில் வந்தார். 2017 வாக்கில் மூர்த்தி குடும்பத்திடம் இருந்த பங்கு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. கணக்குப்படி அவர் ஒரு சிறு பங்குதாரர். ஆனால் முன்னாள் நிதித் தலைவருக்குக் கொடுத்த பிரிவுத் தொகை, பனாயா என்ற நிறுவனத்தை 200 மில்லியன் டாலருக்கு வாங்கிய விதம் என்று அவர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்ப எழுப்ப, நாடே காது கொடுத்தது. தொடர்ந்த தாக்குதல்களைக் காரணம் காட்டி 2017 ஆகஸ்ட் 18இல் சிக்கா விலகினார். அன்றே பங்கின் விலை ஏறக்குறைய பத்து விழுக்காடு சரிந்தது. பனாயா விவகாரத்தில் தவறு எதுவும் நடக்கவில்லை என்ற முந்தைய விசாரணை முடிவை, பிறகு நந்தன் நிலேகனி தலைமையில் வந்த குழுவும் உறுதி செய்தது. அந்த முடிவு வந்தபோது சிக்கா அங்கே இல்லை. மூர்த்தியிடம் குரல் இருந்தது, வாக்கு இல்லை. பேஜிடம் வாக்கு இருக்கிறது, குரல் இல்லை. அவரைப் பொது மேடையில் பார்ப்பதே அரிது. இரண்டில் எது ஆபத்தானது என்று கேட்டால், நான் பேசாத வாக்கைத்தான் சொல்வேன். மூர்த்தியோடு வாதம் செய்யலாம், அவர் சொன்னது தப்பு என்று பத்திரிகையில் எழுதலாம். மௌனத்தோடு என்ன வாதம் செய்வது?

ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், டிம் குக் ஒப்பீட்டை இங்கே கொண்டுவருவார்கள். குக்குக்கு 2011 ஆகஸ்டில் பொறுப்பு வந்தது, அக்டோபர் 5ஆம் தேதி ஜாப்ஸ் காலமானார். நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒருபோதும் யோசிக்காதே என்று ஜாப்ஸ் சொன்னதாகக் குக்கே பலமுறை கூறியிருக்கிறார். கேட்க ஆளில்லாத துயரம் அவருக்கு இருந்தது. கேட்டாக வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அதனால் ஆப்பிளின் நன்மை தீமை இரண்டையும் குக்கின் கணக்கில் எழுதுவது நியாயம். பிச்சையின் கணக்கை அப்படித் தனியாகப் பிரித்து எழுத முடியாது.

அப்படியென்றால் பிச்சைக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பது நியாயமான கேள்வி. 2023 ஜனவரியில் 12,000 பேரை வேலையிலிருந்து நீக்கி, முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன் என்று எழுதினார். சில மாதங்களில், 2022க்கான அவருடைய ஊதியம் ஏறக்குறைய 226 மில்லியன் டாலர் என்ற விவரம் வெளியானது. பெரும்பகுதி மூன்றாண்டுக்கு ஒருமுறை தரும் பங்குகள். பொறுப்பை ஏற்பதால் பையிலிருந்து ஒரு காசும் போகாதென்றால் அந்தச் சொல்லுக்கு எடை இல்லை. அதை அவர் மீது வைத்தே தீர வேண்டும். பார்ட்டை அவசரமாக இறக்கியதும் அவர் மேசையில் முடிவானதுதான். கைகட்டி நிற்கும் அப்பாவி என்று நான் அவரைச் சொல்லவில்லை. அவரை மட்டும் திட்டுவது, திட்டு சேர வேண்டிய மற்ற இருவருக்குக் குடை பிடிப்பதாகும் என்கிறேன். தமிழர் என்பதற்காக அவரைத் தோளில் தூக்குகிறவர்களுக்கும் இதேதான் பதில். அவர் அடைந்த இடம் பெரிய இடம், அதற்கான உழைப்பும் பெரிது. ஆனால் அதிகாரம் தமிழன் கைக்கு வந்துவிட்டது என்ற பூரிப்பு கொஞ்சம் முந்தியது.

எங்கோ அமெரிக்காவில் யாருக்கு எத்தனை வாக்கு என்பது நமக்கு எதற்கு என்றும் கேட்கலாம். 2024 மே மாதம் மலேசியாவில் 2 பில்லியன் டாலர் முதலீடு செய்வதாகக் கூகுள் அறிவித்தது. சிலாங்கூரில் அதன் தரவு மையப் பணிகளும் தொடங்கின. ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் மற்ற பெரிய நிறுவனங்களின் மையங்கள் வரிசையாக எழுகின்றன. மின்சாரமும் தண்ணீரும் நிலமும் இங்கிருந்து போகின்றன. நாளை ஒரு குறை என்றால் அமைச்சர் யாரிடம் பேசுவார்? மேடையில் கைகுலுக்க வந்தவரிடம். கைகுலுக்க வராதவருக்கு இருக்கும் அதிகாரத்தை அறியாமல் நடத்தும் பேச்சுவார்த்தையில் நமக்கு என்ன கிடைக்கும்?

அந்த அதிகாரம் சும்மா காகிதத்தில் இருப்பதுமல்ல. சாட்ஜிபிடி வந்த பிறகு பிரின் மறுபடி அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார். வாரத்துக்கு 60 மணி நேர வேலைதான் சரியான அளவு, வேலை நாள் ஒவ்வொன்றிலும் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று ஜெமினி பணியாளர்களுக்கு அவர் எழுதியதாக 2025 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனத்தின் அதிகாரபூர்வ விதி அதுவல்ல. நிர்வாகப் பதவி எதுவும் இல்லாத ஒருவர் எழுதிய அந்தக் குறிப்பை யார் உதாசீனப்படுத்த முடியும்? ஜெமினி வென்றால் நிறுவனர் திரும்பி வந்து காப்பாற்றினார் என்பார்கள், தோற்றால் பிச்சை தாமதப்படுத்தினார் என்பார்கள்.

இதே விவாதம் தமிழ்நாட்டிலும் தொடங்கப்போகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சோஹோ மென்பொருள் நிறுவனத்தில், 2025 ஜனவரியில் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தலைமை நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகித் தலைமை விஞ்ஞானி ஆனார். தொடக்கம் முதல் உடனிருந்த ஷைலேஷ் குமார் தாவே அந்த இடத்துக்கு வந்தார். சோஹோ பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனம், பெரும்பங்கு வேம்பு குடும்பத்திடம் இருக்கிறது. மூர்த்தியின் குரலும் பேஜின் வாக்கும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் அமைப்பு இது. தென்காசியிலிருந்து வேம்பு எக்ஸ் தளத்தில் எழுதும் இரண்டு வரி மறுநாள் தலைப்புச் செய்தியாகிறது. அந்த நிறுவனத்தின் இப்போதைய தலைமை நிர்வாகி யார் என்று கேட்டால், அதன் செயலிகளைத் தினமும் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் வரும்?